கண்ணை மூடிக்கொண்ட திருஷ்டிப் பொம்மை

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கற்பூரத்தை ஏற்றி, அதன்மேல் கையை வைத்து, வேண்டுமானால் அணைத்தே காட்டலாம். கதைக்கு இறக்கை கட்டிப் பறக்கவிடுகிறவர்கள் மயிலாப்பூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் உண்டு; இது அந்த ரகம் இல்லை. இதற்குக் கண்கண்ட சாட்சி இருக்கிறார். ராஜா அண்ணாமலைபுரத்தில் ராகவேந்திரன் மாமா வீட்டுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் கபாலி. எல்லாவற்றையும் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தவர். துணியில் வேண்டாத சுருக்கம் ஒன்றை விடமாட்டார், சொல்லில் விடுவாரா?

விஷயம் ஒரு கோப்பையில் ஆரம்பிக்கிறது.

சாந்தோம் குப்பத்தில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புருஷன் பெண்டாட்டி ஜோடிகளுக்கு மட்டும் ஒரு கேரம் போட்டி நடக்கும். ஒரு கல்யாணம் தேறுமா தேறாதா என்று சோதிக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வருஷா வருஷம் ஜெயிப்பது குப்பனும் குப்பம்மாவும். குப்பம்மாவுக்கு மீன் மார்க்கெட்டில் கடை. பக்கத்துக் கடைக்காரி ஆஷா, அவளும் புருஷனோடு அதே போட்டியில் ஆடுகிறவள். ஜெயித்த கோப்பையை அவள் வீட்டில் வைக்கவில்லை. கடைக்கே கொண்டுவந்து, பலகையின் நடுவில் நிறுத்தி, அதற்குள் இறாலைக் கொட்டி வைத்திருந்தாள். இறால் என்ன விலை என்று யாராவது கேட்டால், முதலில் கோப்பை வந்த வரலாறு, அப்புறம்தான் விலை.

"இன்னா ஆஷா, உன் வூட்டுக்காரு கண்ணு இப்போ எப்டி கீது?" என்பாள் காலை வணக்கத்துக்குப் பதிலாக. "இந்த வருசமாச்சும் எங்க காய எங்களையே போட உடுவாரா?"

ஆஷா தராசைத் துடைத்துக்கொண்டிருப்பாள். நடந்தது அப்படி.

ஆஷா சாதாரண ஆட்டக்காரி இல்லை. அவள் சுண்டினால் காய் நேராகப் போய், பாக்கெட்டின் விளிம்பில் ஒரு நிமிஷம் நின்று, வலை கிழிசல் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே இறங்கும். குறை, எதிரே உட்காரும் தன் ஜோடியிடம். அவள் புருஷன் டில்லிபாபு வெல்டர். ஊரில் கேட், கிரில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஏணி எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முகத்துக்குக் கவசம் கிடையாது, கைக்கு உறை கிடையாது. பொறி தட்டும்போது முகத்தை ஒருக்களித்து, ஒரு கண்ணை மூடி, இன்னொன்றைப் பாதி மூடி, மீதியைக் காதால் பார்த்துக்கொள்வார்.

"வெல்டிங்னா இன்னா நென்ச்ச? காதுலதான் கீது மேட்டரு," என்பார். "அப்பளம் பொரியிற மாரி சத்தம் வந்தா கரெக்டு. பட்டு பட்டுனு வெடிச்சா தப்பு. கண்ணு எதுக்கு?"

கண் எதுக்கு என்பது போன வருஷப் போட்டியில் தெரிந்தது. முதல் நாள் யாருக்கோ மாடிப்படிக் கைப்பிடி வைத்துவிட்டு வந்தவருக்கு, விடிந்தபோது இரண்டு கண்ணிலும் மெரினா மணல் மொத்தமும் இருந்தது. ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது, பலகையில் மூன்று ரெட் தெரிந்தது அவருக்கு. நியாயமான மனிதர், நடுவில் இருந்ததை அடித்தார். உள்ளே போனது ரெட்டும் இல்லை, அவர்கள் காயும் இல்லை. குப்பம்மாவின் கடைசிக் காய். கூட்டம் கைதட்டியது. டில்லிபாபு தமக்குத்தான் என்று எழுந்து கும்பிட்டார்.

அன்று முடிவு செய்தாள் ஆஷா. அடுத்த வருஷம் அந்தக் கோப்பையில் தன் இறால் விழ வேண்டும். அதற்கு முதலில் டில்லிபாபுவின் கண் பலகையில் விழ வேண்டும்.

போட்டி நெருங்கியதும் பாரிமுனைக்குப் பஸ் ஏறினாள். அங்கே வஜீஹா என்று ஒரு அம்மாள் இரும்புச் சாமான் கடை நடத்துகிறாள். வாங்க வந்தவர்களைத் திட்டித்தான் சாமான் கொடுப்பாள். அதனாலேயே வியாபாரம் நன்றாக நடந்தது.

"கண்ணாடி வேணுமா? கண்ணாடி மட்டும் போட்டா மூஞ்சி வெந்துபூடும்," என்றாள் வஜீஹா. "ஹெல்மெட் எடுத்துக்கோ. பொறி தட்டுன ஒடனே கண்ணாடி தானா கருப்பாவும், நின்னா தானா தெளியும். கைக்குத் தோல் கிளவுஸ். உன் வூட்டுக்காரு இன்னா சட்டை போடுவாரு?"

"பனியன்."

"மாஷா அல்லா," என்றாள் வஜீஹா. "முழுக்கை காட்டன் சட்டை போடச் சொல்லு. பளபளா துணி போட்டா, பொறி பட்டு உருகித் தோலோட ஒட்டிக்கும். கரண்டுக்கு ஈரம்னா ரொம்ப இஷ்டம், தெரியுமா? தரை ஈரமா இருந்தா, செருப்பு ஓட்டையா இருந்தா, சட்டை வேர்வையில நனைஞ்சிருந்தா, சொந்தக்காரன் மாரி உள்ள வந்து உக்காந்துக்கும். காஞ்ச பலகை மேல நிக்கச் சொல்லு. ஒயர்ல தோல் உரிஞ்சிருந்தா மாத்தச் சொல்லு. வேடிக்கை பாக்கறவங்களையும் தொரத்து. வெளிச்சத்துக்கு வெல்டர் யாரு, வேடிக்கை பாக்கறவன் யாருனு தெரியாது. தட்டுறவன் ஒரு கண்ணையாச்சும் மூடுவான். பாக்கறவன் ரெண்டையும் தொறந்து வெச்சுக்குவான்."

சாதாரண ஹெல்மெட் எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. கறுப்பு நிறம். நெற்றி முழுக்க நெருப்பு ஜுவாலை வரைந்திருந்தது. கண்ணாடிக்குக் கீழே காதுவரை கிழிந்த வாய், அதில் வஞ்சனை இல்லாமல் பல். இளவட்டங்களுக்குப் பிடிக்கும் என்று கம்பெனிக்காரன் போட்டது. ஆஷா அதையே வாங்கி வந்து, வெள்ளிக்கிழமை காலையில் புருஷனின் பையில் தன் கையாலேயே வைத்தாள்.

"தலயில போட்டுக்கினுதான் வேலை செய்யணும், இன்னா?"

"தலைக்கு மேல தூக்கி வெச்சுக்கறேன்மே," என்றார் டில்லிபாபு. சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். தலைக்கு மேலேதான் வைத்தார்.

அன்று அவருக்கு வேலை ராகவேந்திரன் மாமா வீட்டில். ஜலஜா மாமி புதுக் காரைப் பின்னால் எடுத்தபோது, வாசல் இரும்பு கேட் குறுக்கே வந்துவிட்டது. கவனக்குறைவு கேட்டினுடையது என்று மாமி சொன்னாள். மாமா மறுக்கவில்லை. பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து மறுப்பதில்லை.

"எல்லாம் திருஷ்டி," என்றாள் மாமி டில்லிபாபுவிடம். "கார் வாங்கினதுலேர்ந்து எதிராத்துக்காரா கண்ணெல்லாம் இங்கேயேதான் இருக்கு. வாசல்ல ஒரு திருஷ்டிப் பொம்மை மாட்டணும்னு சொல்லிண்டே இருக்கேன். கடையில இருக்கறதைப் பாத்தா பயமே வரலை. ஒண்ணு அப்படியே எங்க மச்சினர்."

டில்லிபாபுவின் கை தானாகப் பைக்குள் போனது. "மாமி, இது எப்டி கீதுனு பாருங்க."

மாமி ஓரடி பின்வாங்கி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயய்யோ! இதைப் பாத்தா யாருக்குத்தான் பயம் வராது!" என்றாள். பிறகு முகம் மலர்ந்தது. "ரொம்ப நன்னாருக்கு. மேல மாட்டுடாப்பா."

வாசல் தூணின் உச்சியில் ஹெல்மெட் ஏறியது. சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் கோர்த்த மிளகாய்ச் சரம். கவசத்தை ஒழித்துக்கட்டிய நிம்மதியில் டில்லிபாபு பனியனோடு வேலையில் இறங்கினார். போர்ட்டிகோ பிளக் பாயிண்ட்டில் வயரின் இரண்டு முனையையும் நேரடியாகச் சொருகி, நழுவாமல் இருக்கப் பல் குத்திக்கொண்டிருந்த தீக்குச்சியைச் செருகினார். வெல்டிங் கம்பி பிடிக்கும் கைப்பிடி எப்போதோ உடைந்து, சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. கோலத்துக்குத் தெளித்த தண்ணீர் காலடியில் தேங்கி நின்றது. கேட் ஆடாமல் இருக்க மாமா வெறுங்கையால் பிடித்துக்கொண்டார். நடுவில் ஒருமுறை விரலில் சுரீர் என்றது. கேட் பழசு, அதிர்கிறது என்று விளக்கமும் அவரே சொன்னார்.

சென்னையில் ஒருவன் பள்ளம் தோண்டினால் பத்து பேர் எட்டிப்பார்ப்பார்கள். நீல வெளிச்சம் என்றால் கேட்க வேண்டுமா? தெருவே கூடிவிட்டது. ஆட்டோக்கள் ஓரம் கட்டின. கபாலியும் வண்டியைச் சற்று முன்னால் தள்ளிக்கொண்டார். சாட்சி என்றால் கிட்டத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

பொறி தட்டியது. தூணின் மேலிருந்த முகத்தின் கண்ணாடி சட்டென்று கறுத்தது. பொறி நின்றதும் தெளிந்தது. தட்டத் தட்டக் கறுப்பதும், நிற்க நிற்கத் தெளிவதுமாக இருந்தது. அந்தத் தெருவில் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்ட ஒரே முகம் அதுதான். மற்ற எல்லோரும் இமைக்காமல் பார்த்தார்கள்.

மத்தியானம் கரண்ட் போனதால் வேலை பாதியில் நின்றது. சாயங்காலம் தெரு முழுக்க மணல் விழுந்தது, அவரவர் கண்ணுக்குள். ஒருவராலும் இமையைத் திறக்க முடியவில்லை. தண்ணீராகக் கொட்டியது. தெரிந்த வைத்தியம் உருளைக்கிழங்கும் வெள்ளரிக்காயும்தான். மறுநாள் காலை அந்த வட்டாரத்தில் எந்த ஓட்டலிலும் மசால் தோசைக்குள் மசாலா இல்லை. இருந்த கிழங்கெல்லாம் வீடுகளில் கண் மேல் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே டில்லிபாபு குங்குமமாகச் சிவந்த கண்ணோடு வீடு வந்து சேர்ந்தார். ஆஷா அவர் கையைப் பிடித்தாள். நேரே கண் டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

"கண்ணோட மேல்தோல் வெந்திருக்கு," என்றார் டாக்டர், சொட்டு மருந்து எழுதிக்கொண்டே. "நல்ல வேளை, லேசாத்தான். சரியாகிடும். ஆனா நாளைக்கும் இப்படி வெறுங்கண்ணோட வேலை செஞ்சா, ஞாயித்துக்கிழமை கண்ணைத் திறக்க முடியாது."

"உருளைக்கிழங்கு வெக்கலாமா சார்?"

"குழம்புல வைங்க."

வெளியே வந்ததும் ஆஷா கேட்டாள். "ஹெல்மெட் எங்கய்யா?"

"ஒரு நல்ல எடத்துல கீது. பூவெல்லாம் வெச்சுக்கீறாங்க."

"நாளைக்கு வேலைக்குப் போவாத."

"எப்டிமே? அவுங்க வூட்டு வாசல் தொறந்து கெடக்குது. மாமா நாக்காலி போட்டு கேட்டு மாரி குறுக்க உக்காந்துகினு கீறாரு. நாளைக்கு முட்ச்சித் தரேன்னு சொல்லிக்கீறேன்."

அதற்கு மேல் ஆஷா வாதாடவில்லை. சனிக்கிழமை மீனை விற்று முடித்ததும் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புருஷனோடு தானும் கிளம்பினாள். இன்று அந்தக் கண் தப்பினால் நாளை கோப்பை. தப்பாவிட்டால் இன்னொரு வருஷம் குப்பம்மா வாய்.

மாமா வீட்டு வாசலில் அவளால் உள்ளே நுழைய முடியவில்லை. கூட்டம். தூணுக்கு மாலை விழுந்திருந்தது. ஓர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, ஹாரனை ஒருமுறை அடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். உள்ளே ஜலஜா மாமி ஈரத் துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள்.

"மாமி, அந்த ஹெல்மெட்ட குடுத்துடுங்க. அது என் வூட்டுக்காரு மூஞ்சில மாட்டிக்கினு வேலை செய்யறதுக்கு வாங்குனது."

"ஹெல்மெட்டா? நன்னாருக்கு!" என்றாள் மாமி. "நேத்திக்கு அதை வெறிச்சுப் பாத்தவா அத்தனை பேர் கண்ணையும் ஒரே நாள்ல அவிச்சுடுத்து. அப்படி ஒரு சக்தி! எதிராத்து அம்மா மூணு தலைகாணி வெச்சுண்டு படுத்துண்டிருக்கா. அதைப் போய் எறக்கச் சொல்றியே?"

"அய்யோ மாமி, அது பொம்மை செஞ்சது இல்ல. வெல்டிங் வெளிச்சம்."

"வெளிச்சமாவது!" உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "நான் சூரிய கிரகணத்தையே மொட்டைமாடியில நின்னு பாத்தவன்!" குரலைத் தொடர்ந்து மாமாவும் வந்தார். அவர் கண்ணிலும் ஈரத் துண்டு. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, பூஜைக்கென்று கொடியில் தனியாகக் காய்ந்த, யாரும் தொடக்கூடாத ஒன்பது கஜப் புடவையை நோக்கி நேராக நடந்தார்.

மாமிக்குக் கண் கட்டியிருந்ததே தவிர, காது கட்டியிருக்கவில்லை. "ஏன்னா! மடி! மடி!"

மாமா நின்றார். தூக்கிய கால் தூக்கியபடி, நீட்டிய கை நீட்டியபடி, மூச்சுகூட விடாமல்.

ஆஷா அவரையே பார்த்தாள். நேற்று விரலில் சுரீர் என்றும் கேட்டை விடவில்லை என்று டில்லிபாபு சிரித்துச் சொன்ன மனிதர், இன்று ஒரு சொல்லுக்கு உறைந்து நிற்கிறார். வஜீஹா சொன்னதெல்லாம் அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. கூடவே, அவற்றை எந்தப் பாஷையில் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது.

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாமி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? எங்க குப்பத்துல அம்மனுக்கு உக்கிரம் ஏறிட்சின்னா, சும்மா தூண்ல உட்டு வெக்க மாட்டோம். யார் மேலயாச்சும் எறக்குவோம். இந்த மூஞ்சி நேத்து நெருப்பப் பாத்துச்சி. ஆனா அதுக்கு அடியில ஒரு தலை இல்ல. அந்தக் கோவம் போற வர்றவங்க கண்ணுல எறங்கிட்சி."

மாமி துண்டைச் சற்றே தூக்கிப் பார்த்தாள். "அடடே. தலை கேக்கறதா?"

"தலைதான் கேக்குது. நெருப்புத் தட்றவன் தலை."

டில்லிபாபு மெதுவாகத் தெருப்பக்கம் நகர்ந்தார். ஆஷா பனியனைப் பிடித்தாள்.

"ஆனா மாமி, சும்மா மாட்ட முடியாது. மடியா இருக்கணும். கைய மூடணும்; தோலுறை ரெண்டு ஜோடி நான் கொணாந்துக்கீறேன். முழுக்கைப் பருத்திச் சட்டையும் கொணாந்துக்கீறேன். கால் தரையில படக்கூடாது, காஞ்ச பலகை மேல நிக்கணும். பலகையச் சுத்தி ஒரு சொட்டு ஈரம் ஆவாது. அவர் நெருப்புத் தட்டச்சொல்ல யாரும் அவரையும் தொடக்கூடாது, கேட்டையும் தொடக்கூடாது."

"எனக்கு மடியைச் சொல்லித் தரியாக்கும்?" மாமி எழுந்துவிட்டாள். கண் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. "ஏன்னா! வாசல்ல இருக்கற ஈரத்தை ஒரு சொட்டு இல்லாம துடைங்கோ. மாவு உருட்டற பலகை வேண்டாம், அந்தப் பெரிய தேக்குப் பலகையைக் கொண்டு வாங்கோ. இதென்ன, பிளக்ல எச்சில் தீக்குச்சி? சீ! நல்லதா ஒரு பிளக் மாட்டச் சொல்லுங்கோ. கைப்பிடியில அந்த சைக்கிள் டியூப் எந்தத் தெருவுல உருண்டுதோ? புதுசு வாங்கிண்டு வரச் சொல்லுங்கோ!"

"யாரும் பாக்கவும் கூடாது மாமி," என்றாள் ஆஷா, சந்தடி சாக்கில்.

"பாக்கறதாவது! நைவேத்தியத்துக்குத் திரை போடாம இருப்பாளா?"

திரைக்கு முதலில் மாமி எடுத்தது ஒரு பட்டுப்புடவை. பொறி பட்டால் பொத்தலாகிவிடும் என்றாள் ஆஷா. அப்படியானால் கம்பளி, கம்பளி எப்போதுமே மடி என்று தீர்ப்பாயிற்று. காசியில் வாங்கி, சென்னைக் குளிருக்காக இதுவரை பிரிக்கப்படாமலே காத்திருந்த கனத்த கம்பளிகள் வாசலைச் சுற்றித் தொங்கின. மாமியிடம் பூஜை மணி. பொறி தட்டும் முன் மணி அடிப்பாள். கூட்டம் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ள வேண்டும். நின்றதும் இன்னொரு மணி.

ஹெல்மெட் தூணிலிருந்து மங்கள ஆரத்தியோடு இறங்கி, டில்லிபாபுவின் தலையில் ஏறியது. சந்தனமும் எலுமிச்சைச் சரமும் சேர்ந்தே ஏறின.

"ஆஷா," என்றது ஹெல்மெட். "வெந்து சாவுறன்மே. கொஞ்சம் தூக்கிக்கறேன்."

"டேய்! மடி!" என்றாள் மாமி.

டீ வந்தது. குடிக்கக் கூடாது, கம்பியைக் கீழே வைத்து, மெஷினை அணைத்த பிறகுதான். பீடி? கேட்கவே இல்லை, கேட்கும் தைரியம் இல்லை. வியர்த்து உறை நனைந்ததா என்று மாமி சோதித்து, நனைந்தால் மாற்று உறை கொடுத்தாள். மாமா பழக்க தோஷத்தில் ஒருமுறை கேட்டைப் பிடிக்கப் போனார். மாமி மணியாலேயே அவர் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். எந்தத் தொழிற்சாலையிலும் அவ்வளவு கண்டிப்பான ஒரு மேற்பார்வையாளரை யாரும் பார்த்ததில்லை. மாமிக்குத் தான் பாதுகாப்பு அதிகாரி ஆகிவிட்டது தெரியாது. அம்மனைக் காக்கிறோம் என்று நினைத்தாள், காத்தது வெல்டரை.

விஷயம் சாந்தோம்வரை போய்விட்டது. கண்ணை அவிக்கும் சாமியைப் பார்க்கக் குப்பனும் குப்பம்மாவும் வந்து சேர்ந்தார்கள். சாமிக்கு அடியில் இருப்பது டில்லிபாபு என்று கேள்விப்பட்டதும் குப்பம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மணி அடித்தது. தெருவே திரும்பிக்கொண்டது.

"குப்பம்மா, திரும்பு," என்றாள் ஆஷா. "நெஜமாத்தான் சொல்றேன். பாக்காத. கண்ணு பூடும்."

"போமே. உன் புருசன பாத்தா என் கண்ணு பூடுமா? உனுக்கே இன்னும் போவல!"

குப்பம்மா மதில்மேல் ஏறி, கம்பளிக்கு மேலாகத் தலையை நீட்டினாள். குப்பனும் ஏறினார். ஆஷா மறுபடி கத்தினாள். அவர்கள் ஆற அமர, ஒரு முழுக் கம்பி எரிந்து தீரும்வரை பார்த்தார்கள். மறு கம்பியையும் பார்த்தார்கள். மாமி மணியை எறியப் போன பிறகுதான் இறங்கினார்கள்.

பொழுது சாயுமுன் கேட் நின்றது. டில்லிபாபு மெஷினை அணைத்து, உறையைக் கழற்றி, ஹெல்மெட்டைத் தூக்கினார். வெளியே வந்த கண் இரண்டும் பாலில் கழுவியதுபோல் இருந்தன. தாம் பற்றவைத்த இடங்களைக் குனிந்து பார்த்தார். கேட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் எல்லாம் சுற்றி வந்து பார்த்தார்.

"ஆஷா, உள்ள இரும்பு உருகி ஓட்றது தெரியுதுமே. செவப்பா, குட்டிக் கொளம் மாரி. இத்தினி வருசமா இது என் மூக்குக்கு நேரா ஓடிக்கினு இருந்துச்சா?" பிறகு நிமிர்ந்தவர், அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "உனுக்கு இங்க மச்சம் கீதா? எப்பலேர்ந்து?"

"பொறந்ததுலேர்ந்து," என்றாள் ஆஷா. கழுத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் மச்சம் இருக்கும் பக்கம் அவர் பார்வையில் படும்படிதான்.

ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றி முடிந்தது. பந்தலுக்கடியில் பலகை போட்டார்கள். இறுதி ஆட்டத்துக்குக் குப்பனும் குப்பம்மாவும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்த அன்னியோன்னியத்தைப் பார்த்துக் கூட்டம் நெகிழ்ந்தது. இரண்டு பேருக்கும் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர். அம்மன் பக்தி என்று நினைத்துச் சிலர் கும்பிட்டார்கள். ஆஷாவுக்கு மட்டும் விஷயம் புரிந்தது.

"டாக்டரு கிட்ட போலாம் வா குப்பம்மா. ஆட்டத்த அடுத்த வாரம் வெச்சுக்கலாம்."

"பயந்துட்டியா?" என்றாள் குப்பம்மா, ஆஷாவுக்குப் பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்து.

ஆட்டம் தொடங்கியது. குப்பன் சுண்டிய ஸ்ட்ரைக்கர் பலகையை விட்டு எழுந்து கூழ் அண்டாவுக்குள் போனது. குப்பம்மா தன் முறையில் ரெட்டைத் தேடினாள். மூன்று தெரிந்திருக்க வேண்டும். நியாயமாக நடுவில் இருந்ததை அடித்தாள். உள்ளே விழுந்தது ஆஷாவின் காய்.

அப்படியும் ஆட்டம் இழுத்துக்கொண்டுதான் போனது. காரணம் டில்லிபாபு. கடைசியில் ரெட் ஒன்றும் அதற்குத் துணையாகப் போட ஒரு காயும் மட்டும் மிஞ்சின. ஆஷா ரெட்டைப் பாக்கெட் முனைவரை தள்ளி வைத்திருந்தாள். குழந்தை ஊதினால் விழும். டில்லிபாபு குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். நெற்றி வியர்த்தது.

"இன்னாய்யா?"

"ஒண்ணே ஒண்ணுதான்மே தெரியுது," என்றார் பரிதாபமாக. "மூணு தெரிஞ்சா நடுவுல கீறத அடிப்பேன். ஒண்ணு மட்டும் தெரிஞ்சா எத்த அடிக்கறது?"

"அத்தயே அடிய்யா!"

அடித்தார். ரெட் விழுந்தது. பின்னாலேயே துணைக்காயும் விழுந்தது. ஆஷா எழுந்தாள். கைதட்டல் அடங்குமுன் குப்பம்மாவின் கண்ணில் தன் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து வைத்து, இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றி, அதே டாக்டரிடம் அனுப்பினாள். உருளைக்கிழங்கைக் குழம்பில் போடச் சொன்னாள்.

கோப்பையை எத்தனை தரம் தேய்த்தும் குப்பம்மாவின் இறால் வாசனை போகவில்லை. ஆஷா அதில் தன் இறாலைக் கொட்டி, இரண்டு கடைக்கும் நடுவில் வைத்திருக்கிறாள். டில்லிபாபு இப்போது ஹெல்மெட் இல்லாமல் பொறி தட்டுவதில்லை, மணி அடிக்க ஆள் இல்லாவிட்டால், தாமே ஒருமுறை "மடி!" என்று கத்திவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். ஜலஜா மாமி வாசலுக்கு, மச்சினர் ஜாடையில் இருந்த அந்தப் பொம்மையையே வாங்கி மாட்டிவிட்டாள்.

இவ்வளவையும் ஒன்றுவிடாமல் நேரில் பார்த்துச் சொன்ன கபாலி, வெள்ளிக்கிழமை முதல் பொறியை முன்வரிசையில் நின்று பார்த்துவிட்டு, அன்று சாயங்காலத்திலிருந்து திங்கட்கிழமை காலைவரை, இரண்டு கண்ணிலும் வெள்ளரிக்காய்த் துண்டை வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு இஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.